பாலில் மை இறங்குமா?

போன மாதம் ஒரு மத்தியானம் முத்துலட்சுமி என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். தோளில் கைக்குழந்தை. இலஞ்சியில் எங்கள் மகளிர் சங்கம் நடத்தும், எழுதுகிற மை காய்ச்சும் மைச்சாலைக்கு அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாயை விரித்து உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டேதான் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. அங்கன வேலைக்குப் போனா தாய்ப்பால்ல மை இறங்கிருமாமே? அதனாலதான் நீங்க நின்னுட்டீங்களாமே? உங்க மூத்த பிள்ளைக்கு வாயெல்லாம் கருத்துப்போச்சின்னு சொல்லுதாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான்."

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, தைரியமாகப் போ என்று சொல்லி அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்புவதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தைரியமாகப் போ என்று நான் எப்படிச் சொல்லலாம்? நடந்ததை முழுக்கச் சொல்லாமல் பாதி பதிலைக் கொடுத்து அனுப்பிவிட்டேனோ? கூப்பிடலாம் என்று வாசல்வரை போனேன். உள்ளே சின்னவன் அழுதான். திரும்பிவிட்டேன்.

சங்கத்து மலரில், வேலையிலிருந்து நின்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் பக்கத்துக்கு என்னிடமும் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எழுதுகிற மற்றவர்களுக்கெல்லாம் தலை நரைத்திருக்கிறது. என் மூத்தவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். சின்னவன் இன்னும் பால் மறக்கவில்லை. நான் என்ன ஓய்வு பெற்றவளா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். முத்துலட்சுமி வந்து போன பிறகு, எழுதாமல் இருப்பதுதான் தப்பு என்று தோன்றியது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மறுவருடம் நான் மைச்சாலையில் சேர்ந்தேன். பாட்டில் கழுவுவது, காய் இடிப்பது, வடிகட்டுவது, கடைசியில்தான் பானையடியில் நின்று மை காய்ச்சுவது. ஒவ்வொன்றாகத் தேறி வந்தேன். இடையில் கல்யாணம் ஆயிற்று. அவர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை வருவார், சில வருடம் அதுவும் இல்லை. தென்காசி வீட்டில் நானும் அவருடைய அக்கா செல்லம்மாளும்தான். மதினி இளவயதிலேயே கணவரை இழந்தவர். பிள்ளை இல்லை.

மை காய்ச்சுவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பின்னால் சொல்லப் போவது விளங்காது.

கடுக்காய் குற்றாலத்து மலையிலிருந்து வரும். காட்டில் பொறுக்குகிறவர்கள் சாக்கில் கட்டி ஐந்தருவிப் பக்கம் இறக்கிவைப்பார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் கல்லுரலில் இடித்து, மண்பானையில் ஊறப்போடுவோம். சில நாளில் தண்ணீர் கடுந்தேயிலை நிறத்துக்கு வந்து, மேலே நுரை கட்டி, புளித்த வாடை அடிக்கும். அதை வடிகட்டி மெல்லிய தீயில் சுண்டவைக்க வேண்டும். அன்னபேதியைத் தனியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். அது இரும்பிலிருந்து செய்கிற உப்பு. பார்க்கப் பச்சைக் கற்கண்டு மாதிரியே இருக்கும். அந்தக் கரைசலைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊற்றின உடனே தேயிலை நிறம் போய்க் கத்தரிப்பூ நிறம் வரும். பிறகு மெதுவாகக் கருக்கும். கடைசியில் கருவேலம் பிசின், எழுத்து ஓடாமல் இருப்பதற்காக. பூசணம் பிடிக்காமல் இருக்கச் சில சொட்டுக் கிராம்பு எண்ணெய். சாரல் காலத்தில் இந்த எண்ணெயைக் கூட்டிப் போடாவிட்டால் மூடியைத் திறக்கும்போது வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

காயும் இரும்பும் சேர்ந்தால்தான் மை. காய் மட்டும் இருந்தால் வெறும் கஷாயம். அதனால் அன்னபேதி போடும் வரைக்கும் எந்த இரும்பும் கடுக்காயில் படக் கூடாது. கத்தி கூடாது, கரண்டி கூடாது. ரவிக்கை ஊக்கில் ஈரக்கை பட்டால்கூட அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். ஒரு தடவை கோமதி என்ற பெண், மைச்சாலை உலக்கை கனக்கிறது என்று வீட்டு உலக்கையைக் கொண்டுவந்து இடித்துவிட்டாள். அதன் அடியில் இரும்புப் பூண். உரல் முழுக்கக் கருத்துப்போயிற்று.

எங்கள் மேற்பார்வையாளர் ஞானம்மாள் டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி கோமதி, நாங்க வாரக்கணக்கா செய்யறத நீ உரல்லயே முடிச்சிட்டியே. கெட்டிக்காரிதான்" என்றார். "அந்த உலக்கைய உங்க வீட்டு மாப்பிள்ளைக்குச் சீதனமா வச்சிரு. இங்கன வேண்டாம்."

டீச்சர் பாளையங்கோட்டையில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மையை நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பானை இறங்கும்போதும் ஒரு காகிதத் துண்டில் ஒரு வரி எழுதி, ஜன்னல் கம்பியில் கட்டிய நூலில் மாட்டுவார். எங்கள் மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டு மறுநாள்தான் கருக்கும். யாராவது ஆவலாகப் போய்ப் பார்த்தால், "இன்னைக்கு அது பேசாது. நாளைக்குக் கேட்போம்" என்பார். மறுநாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துண்டைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால், "பாட்டில்ல அடைச்சிருங்க." இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் பானையின் மேல் சாக்கை மூடிவிட்டுப் போவார்.

ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பாட்டிலோடு வந்து, "இதுல பாதி சிற்றாத்துத் தண்ணிதானம்மா" என்று சண்டை போட்டார். நாளைக்குக் கருக்கும் என்று டீச்சர் சொன்னார். "பையன் இன்னைக்கு எழுதுன பரீட்சைய நான் நாளைக்கா வாசிக்க?" என்று கேட்டார் அவர். அவர் கேட்டதும் நியாயம்தான். அதற்குப் பிறகு எழுதும்போதே கண்ணுக்குத் தெரியட்டும் என்று எல்லாப் பானையிலும் கொஞ்சம் நீலம் கலந்தோம். டீச்சருக்கு அதில் இஷ்டமே இல்லை. கலக்கும் நாளில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரியவள் பிறந்து, அவளுக்குத் தலை நின்ற பிறகு நான் மறுபடி வேலைக்குப் போனேன். மதினிதான் போகச் சொன்னார். "பிள்ளய நான் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுல இருந்தா அவ தும்முனா அழுத, தும்மாட்டா அழுத." உண்மைதான். மைச்சாலையில் மத்தியானம் பால் கட்டிக்கொள்ளும். பானை வரிசைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பீய்ச்சிவிட்டு வருவேன். அந்த நேரத்தில் பிள்ளை அங்கே அழுகிறாளோ என்று தோன்றும். பிறகு, அழாமல் மதினியிடம் சிரித்துக்கொண்டிருப்பாளோ என்றும் தோன்றும். எது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

கையைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் பயம். கடுக்காய்ச் சாறு உள்ளங்கையில் ஏறித் தோல் பழுப்பாகிவிடும். நகக்கண்ணில் கறுப்பு. எலுமிச்சை மூடியால் தேய்த்து, சோப்புப் போட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் தேய்ப்பேன். பக்கத்து வீட்டு ஆமினா அக்கா, "தோல உரிச்சி கொடியில காயப்போட்ருவா போல" என்று கேலி செய்வார்.

பிள்ளை வெளிறிப்போய் இருக்கிறாள் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம் கம்மி என்று டாக்டரம்மா டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டு வைத்தியம் எதுவும் செய்யக் கூடாது, உரைமருந்து கொடுக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். டானிக்கைப் பாலுக்கு முன்னா பின்னா என்று கேட்கத் திரும்பிப் போனேன். குலுக்கிக் கொடுப்பதா குலுக்காமலா என்று கேட்க இன்னொரு தடவை போனேன். "மருந்து பிள்ளைக்கா உங்களுக்காம்மா?" என்றார் கம்பவுண்டர்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற நாளில் உரைகல்லில் தாய்ப்பால் விட்டுச் சுக்கு, வசம்பு, சாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் எல்லாம் இழைத்து நாக்கில் தடவுவது மதினியின் வழக்கம். "சரி" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது பிள்ளை குளித்து, சாம்பிராணி வாசத்தோடு கிடந்தாள். கையைக் கழுவிவிட்டு டானிக்கை ஊற்றினேன். பாதியைத் துப்பினாள். கடைவாயில் வழிந்ததைத் துணியால் துடைத்தேன். துணி கத்தரிப்பூ நிறமாக இருந்தது. மறுபடி துடைத்தேன். கருநீலம். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம் எல்லாம் கறுப்பு.

நான் போட்ட சத்தத்தில் ஆமினா அக்கா ஓடி வந்தார். "யா அல்லா! ஏட்டி, பிள்ள வாயில மையில்லா இருக்கு!"

மதினி பிள்ளையைப் பறித்து மார்போடு சேர்த்துக்கொண்டார். என் கைகளைத்தான் பார்த்தார். "தெனமும் அந்தக் கையோடதான பாலு குடுக்க. உடம்புல ஊறி, பாலுல எறங்கிருச்சி" என்றார்.

எனக்கும் அதுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் அன்று டாக்டரம்மா இல்லை. முறையில் இருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூச்சைக் கேட்டார். பிள்ளை அவருடைய குழாயைப் பிடித்து இழுத்து விளையாடினாள். ஆபத்து ஒன்றும் தெரியவில்லை என்றார். நான் செய்யும் வேலையைக் கேட்டார். சொன்னேன். அப்படியானால் எதற்கும் சில நாள் வேலைக்குப் போக வேண்டாம், டானிக்கையும் நிறுத்திவையுங்கள் என்றார். அவர் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள், மைச்சாலை வேலை பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று தெருவில் பேச்சாகிவிட்டது.

பால் கொடுக்கப் பயமாக இருந்தது. மதினி பசும்பாலில் தண்ணீர் விட்டுக் கொடுத்தார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்து அழுதாள். நான் அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொழும்புக்குக் கடிதம் எழுத ஒரு தாள் எடுத்து, எழுதாமல் வைத்தேன். அவருக்கு அது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் எது நடந்திருந்தாலும் நடந்து முடிந்திருக்கும். அந்த நாட்களில் என்னோடு பேச வீட்டில் ஆள் இருந்தது, தெருவில் ஆள் இருந்தது. ஆனால் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

வேலையை விடுகிறேன் என்று சொல்ல டீச்சரிடம் போனேன். அவர் வடிகட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நிமிராமல் கேட்டார்.

"மொதல்ல என்ன நெறம்?"

"கத்தரிப்பூ."

"பெறகு?"

"கருநீலம். மறுநாள் அந்தத் துணி நல்லா கருத்துப்போச்சி டீச்சர்."

அவர் கை நின்றது. "அப்ப அது மைதான். பாலுல எறங்கி வந்தது இல்ல, வாயில வச்சிச் சேர்ந்தது. ரெண்டு சாமான் சேரணும்லா? இரும்பு எங்க இருந்து வந்திச்சி?"

டானிக் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது இரும்புச் சத்து டானிக். எத்தனை வருடம் பானையடியில் நின்றிருக்கிறேன்!

"சரி. காய் எங்க இருந்து வந்திச்சி?"

நான் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். பழுப்பு அப்படியே இருந்தது.

"வீட்டுக்குப் போயி, கையக் கழுவிட்டு அந்த டானிக்கு ஒரு சொட்டு கையில விட்டுப் பாரு. அதுக்கு முந்தி வேலைய விடுதேன்னு என்கிட்ட வராத" என்றார்.

வீட்டுக்குப் போய்க் கழுவினேன். ஒரு சொட்டு விட்டேன். லேசாகச் சாம்பல் நிறம் வந்தது, அவ்வளவுதான். வந்ததா, வரவில்லையா என்று வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. என் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாயையே கறுப்பாக்க அது போதாது. பாட்டிலோடு அடுக்களையில் நின்றேன். உரைகல் அம்மிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. நடுப்பள்ளத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தது.

யோசித்துச் செய்யவில்லை. ஒரு சொட்டை அதன் மேல் விட்டேன். விழுந்த இடம் விழுந்தபடியே கருத்தது. கல் குடித்திருந்த சாறெல்லாம் வெளியே வந்த மாதிரி கறுப்பு பரவிற்று.

திரும்பிப் பார்த்தேன். மதினி நிலைப்படியில் பிள்ளையோடு நின்றார்.

"அன்னைக்கு மாசிக்காய் இழைச்சீங்களா மதினி?"

அவர் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினார். "தலைக்கு ஊத்துன பிள்ளைக்குச் சளி புடிச்சிரக் கூடாதுன்னு ரெண்டு இழை இழைச்சேன். எல்லாரும் குடுக்கறதுதான."

"மாசிக்காயும் கடுக்காய் மாதிரிதான் மதினி. அதும் இந்த டானிக்கும் வாயில சேர்ந்திருக்கு. பால்ல ஒண்ணும் இல்ல." எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அப்ப நான்தான் பிள்ளைக்கு வெசம் குடுத்திருக்கேன்."

"வெசம் இல்ல மதினி. வெறும் மை."

"நாலு நாளா தாய்ப்பால் குடிக்க விடாம ஆக்கிட்டனே" என்றார். பிள்ளையை என் கையில் தந்தார். உரைகல்லை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அவர் அதைத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மறுநாள் கீழப்பாவூரில் ஒரு ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். போனவர் வரவில்லை.

டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அப்படி நடந்திருக்கலாம், இரண்டையும் சேர்க்காதே, தாய்ப்பால் தாராளமாகக் கொடு என்றார். பிள்ளை முன்பு போலக் குடித்தாள். ஆனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு நாள் மைச்சாலைக்கே தூக்கிப் போனேன். தவழ ஆரம்பித்திருந்தாள். நேராக அன்னபேதித் தட்டை நோக்கிப் போனாள். டீச்சர் வாரித் தூக்கிவிட்டார். "இது நடக்காதும்மா. உன் மதினியக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் உன் எடத்துக்கு நான் ஆள் எடுக்கல" என்றார். அவர் எனக்காகச் செய்த பெரிய சலுகை அது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழப்பாவூருக்குப் போனேன். மதினி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொளகைக் கீழே வைத்தார்.

"வாய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மதினி. அன்னைக்கே சரியாப் போச்சில்லா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"வந்து?"

"முன்ன மாதிரி இருப்போம்."

"நான் இனி ஒரு மருந்தும் இழைக்க மாட்டேன். அது வேற. நீ சாயங்காலம் வேலை விட்டு வருவ. வந்ததும் மொதல்ல என்னத்தப் பாப்ப? பிள்ள மொகத்தையா, வாயையா?"

முகத்தை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எதற்கும் சட்டென்று பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இப்படிச் சொல்லலாமா, அது பொய்யாகிவிடுமோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"பாத்தியா" என்றார். குரலில் கோபம் இல்லை. பிள்ளை அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். அவர் கிட்டே வந்து, அவளுடைய கவுனைக் கீழே இழுத்துச் சரிசெய்தார். தூக்கவில்லை. "வெயில் ஏறுதுக்கு முந்தி பஸ்ஸப் புடி."

அதற்குப் பிறகு நான் மைச்சாலைக்குப் போகவில்லை. என் இடத்துக்கு ஆள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பிள்ளை கொஞ்ச நேரத்திலேயே மடியில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பார்க்கக் கூடாது என்று நான் வெளியே திரும்பி வயலையும் பனைகளையும் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஊர் பாவூர்சத்திரம் வருவதற்குள் பார்த்துவிட்டேன்.